பாஸ்டனிலிருந்து ஐரோப்பா வழியாக பெங்களூர்: எந்த விமானம்?

வணக்கம், மல்லேஸ்வரத்திலிருந்து எழுதுகிறேன். பாஸ்டனில் அக்கா வீட்டிலிருந்து அம்மாவும் நானும் செப்டம்பரில் திரும்புகிறோம். வழியில் நாலு நாள் ஐரோப்பா. லுஃப்தான்சா என்றால் பிராங்பர்ட், ஏர் பிரான்ஸ் என்றால் பாரிஸ். இரண்டு ஊரிலிருந்தும் பெங்களூருக்கு நேர் விமானம் உண்டு. அம்மாவின் ஓட்டு பாரிஸுக்கு. எனக்கோ அட்லாண்டிக் தாண்டும் அந்த ஏழு மணி நேர ராத்திரிதான் கவலை.

அம்மாவுக்கு முட்டி வலி, காலை நீட்ட இடம் வேண்டும். அப்புறம் சாப்பாடு. போன தடவை வேறொரு விமானத்தில் நான் தெரியாமல் ‘வீகன்’ என்று போட்டுவிட்டேன். தயிர்கூட இல்லாமல் வேகவைத்த கேரட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ‘ஏசியன் வெஜிடேரியன்’ என்று கேட்டிருக்க வேண்டுமாம்!

வீல்சேர் உதவி எதில் ஒழுங்காகக் கிடைக்கிறது? வயதானவர்களோடு சமீபத்தில் போய்வந்தவர்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் டிக்கெட் போட வேண்டும்.