ஐரோப்பாவில் இளையோருக்கான பேருந்துச் சுற்றுலா: மது அருந்தாதவர்களுக்கு அதன் இரவுகள் எப்படி அமையும்?

கோண்டாவில் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் கணக்காளராக வேலை செய்கிறேன், வயது 25. நல்லூர்த் திருவிழா முடிந்த பின், செப்ரெம்பர் நடுப்பகுதியில், பல்கலைக்கழகத்தில் என்னுடன் படித்த இரண்டு தோழியருடன் ஐரோப்பா செல்ல எண்ணியுள்ளேன். மூவரிடமும் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு. கொன்ரிக்கி போன்ற நிறுவனங்கள் 18 முதல் 35 வயது வரையானவர்களுக்கென்றே நடத்தும் பேருந்துச் சுற்றுலாக்களில், இலண்டனில் தொடங்கிப் பாரிஸ், சுவிஸ், இத்தாலி, ஒஸ்ரியா, ஜேர்மனி, அம்ஸ்ரர்டாம் வழியாக மீண்டும் இலண்டன் வரும் பயணம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம்.

எங்கள் தயக்கம் இரவுகளைப் பற்றியது. விளம்பரப் படங்களில் பாதிக்கு மேல் நடனக் கூடங்களும் மதுக் கிண்ணங்களுமாகவே இருக்கின்றன. எங்களில் ஒருவரும் மது அருந்துவதில்லை. ஒருத்தி முழுச் சைவம். குழுவிலுள்ளவர்கள் வற்புறுத்துவார்களா? மற்றவர்கள் இரவு இரண்டு மணி வரை இருக்க விரும்பினால், நாங்கள் எப்படி விடுதிக்குத் திரும்புவது? பாரிஸில் இருக்கும் சித்தப்பா, "சுற்றுலாக் குழு எதற்கு, எங்கள் வீட்டில் தங்குங்கள்" என்கிறார். ஆனால் எங்களுக்கு உறவினர் வீடுகளைப் பார்த்துத் திரும்புவதில் விருப்பமில்லை. எங்கள் வயதில் உள்ளவர்களுடன் சேர்ந்து ஊர்களைப் பார்க்க வேண்டும். அம்மாவுக்குத் தெளிவாகச் சொல்லக்கூடிய பதில் கிடைத்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

அச்சுவேலி அண்ணன்:

தங்கைக்கு வணக்கம். நான் சுவிஸில் 14 ஆண்டுகளாகச் சுற்றுலாப் பேருந்து ஓட்டுகிறேன். இளையோர் குழுக்களையும் பலமுறை ஏற்றியிருக்கிறேன். அதனால் இந்தக் கேள்விக்கு ஓட்டுநர் இருக்கையிலிருந்தே பதில் சொல்கிறேன்.

அந்தச் சுற்றுலாவின் இரவு எப்போது முடியும் என்பதைப் பெருமளவுக்குத் தீர்மானிப்பது ஓட்டுநரின் ஓய்வு நேரச் சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 ஒழுங்குவிதிப்படி ஒருவர் நாளொன்றுக்கு 9 மணித்தியாலம் மட்டுமே ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாட்களில் மட்டும் அது 10 ஆகலாம். நான்கரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை எடுத்தே ஆகவேண்டும். நாளாந்த ஓய்வு 11 மணித்தியாலம்; ஒரு வாராந்த ஓய்வுக்கும் அடுத்த வாராந்த ஓய்வுக்கும் இடையில் அதிகபட்சம் மூன்று முறை அதை 9 ஆகக் குறைக்கலாம். இவை எல்லாம் பேருந்திலுள்ள பதிவுக் கருவியில் பதிவாகும். வழியில் மறிக்கும் பொலிஸார் அதைத்தான் முதலில் கேட்பார்கள். ஆகவே, உங்களை நடனக் கூடத்திலிருந்து நள்ளிரவு 12 மணிக்கு விடுதியில் இறக்கிய ஓட்டுநர், குறைக்கப்பட்ட ஓய்வைக் கணக்கிட்டாலும் காலை 9 மணிக்கு முன் வண்டியை எடுக்க முடியாது. மறுநாள் பாரிஸிலிருந்து லுற்சேர்ன் வரை 600 கிலோமீற்றருக்கு மேல் போகவேண்டுமென்றால், அதாவது யாழ்ப்பாணம்-கொழும்புத் தூரத்தின் ஒன்றரை மடங்கு, எந்தக் குழுத் தலைவரும் அந்த அளவுக்குப் பிந்த விடமாட்டார். வழக்கமாக இரவு பத்து, பதினொரு மணிக்குப் பேருந்து திரும்பிவிடும். அதற்குப் பின்னும் நிற்க விரும்புபவர்கள் தங்கள் செலவில் வாடகைக் காரில் வருவார்கள். எனவே முன்னதாகத் திரும்ப விரும்புபவருக்குப் பேருந்து உண்டு. பிந்தி வருபவர்தான் வழி தேட வேண்டும்.

ஆனால் எல்லா இரவுகளிலும் பேருந்து ஓடாது. பணம் கொடுக்குமுன் ஒவ்வோர் ஊரிலும் தங்கும் விடுதியின் பெயரைக் கேட்டு வாங்கி, அது நகர மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் பாருங்கள். விலை குறைந்த சுற்றுலாக்களின் விடுதிகள் பெரும்பாலும் புறநகரில், நெடுஞ்சாலைக்கு அருகில் இருக்கும். வெனிஸில் பேருந்து தீவுக்குள் போகவே முடியாது. துரொன்கெற்றோவில் இறங்கிப் படகு எடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் மனவருத்தத்துடன் சொல்கிறேன். லுற்சேர்னிலிருந்து இத்தாலிக்குப் போகும்போது, கோத்தார்ட் சுரங்கத்துக்கு முன் ஊரி ஏரியும் மலைகளும் சேர்ந்து வரும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் கண்ணாடியில் பின்னால் பார்த்தால், பல நாட்களில் முழுப் பேருந்தும் நித்திரையில் இருக்கும். முதல் நாள் இரவு அதிகாலை வரை நீண்டிருக்கும். அவ்வளவு தூரத்திலிருந்து வந்த பிள்ளைகள் அதைக் காணாமல் போகிறார்களே என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும்.

கொக்குவில் பயணி:

இரவைப் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார். நான் இலங்கைக் கடவுச்சீட்டுடன் போய்வந்தவள் என்பதால் விசாவைப் பற்றி எழுதுகிறேன்; ஏனெனில் நீங்கள் தெரிந்தெடுத்த பாதையில் ஒரு சிக்கல் இருக்கிறது.

ஒரே விசாவுடன் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போய்வரக்கூடிய செங்கன் வலயத்துக்குள் இலண்டன் இல்லை. அங்கே தொடங்கி அங்கே முடிக்க, செங்கன் விசாவுடன் பிரித்தானிய விசாவையும் தனியாக எடுக்க வேண்டும்: இரண்டு விண்ணப்பம், இரண்டு கட்டணம், இரண்டு காத்திருப்பு. பாரிஸிலோ ரோமிலோ தொடங்கி முடியும் பயணங்களும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தெரிந்தெடுத்தால் ஒரு விசா போதும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குச் செங்கன் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ பெறுமதியான மருத்துவக் காப்புறுதி கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், செப்ரெம்பர் பயணத்துக்கு ஏப்ரலிலேயே ஆவணங்களைத் தயார் செய்யுங்கள்.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். அதிக நாள் தங்கும் நாட்டிடம் கேட்க வேண்டும். நாட்கள் சமமானால் முதலில் நுழையும் நாட்டிடம். பயண நிரலை எடுத்து இரவுகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். நான் சித்தி வீடு இருக்கும் நாட்டிடம் விண்ணப்பித்தேன். அங்கே தங்கவிருந்தது இரண்டு இரவுதான். முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, கட்டணமும் திரும்பவில்லை. முழுப் பணத்தையும் விசா கிடைத்த பின்னரே செலுத்தும் ஏற்பாடு உள்ளதா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதகல் அக்கா:

தங்கச்சி, நான் மது தொடாதவள். இப்படியான பயணத்தில் இரண்டு முறை சென்றிருக்கிறேன். முதல் இரவில் "ஏன் குடிக்கவில்லை" என்று ஒருவர் கேட்பார். "நான் குடிப்பதில்லை" என்று சொன்னால் பேச்சு அத்துடன் முடிந்துவிடும். விளக்கம் சொல்லத் தொடங்கினால்தான் அது நீளும். உங்கள் தோழியின் சைவ உணவைப் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள். முட்டையும் மீனும் சேராது என்பதையும் தனியாகக் குறிப்பிடுங்கள்.

நடனக் கூடத்துக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பேர்லினின் தெக்னோ இசைப் பண்பாட்டை ஜேர்மனி 2024இல் தன் மரபுரிமைப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. ஒரு முறை நின்று கேட்பது தவறில்லை. ஆனால் இரவு என்றால் அது மட்டுமே அல்ல. செப்ரெம்பர் நடுப்பகுதியில் பாரிஸில் பொழுது சாய்வதே எட்டு மணியளவில்தான். அதன் பின் மணிக்கொரு முறை ஐந்து நிமிடம் ஐபெல் கோபுரம் மினுங்கும். வியன்னா அரச இசை அரங்கில் நின்றபடி பார்க்கும் இடங்களுக்கு அன்றைய நாளிலேயே குறைந்த விலையில் சீட்டு வாங்கலாம். சங்கீதம் படித்த நான் அங்கே மூன்று மணித்தியாலம் கால் வலிக்க நின்றேன். அந்த முழுப் பயணத்திலும் எனக்கு அதுதான் சிறந்த இரவு.

மியூனிக் பீர்த் திருவிழா செப்ரெம்பர் 15க்குப் பின் வரும் சனிக்கிழமை தொடங்குகிறது. உங்கள் நாட்கள் அதில் விழுந்தால் கூட்டமும் விடுதி விலையும் மிக அதிகமாக இருக்கும். ஒரு வாரம் முந்திச் செல்ல முடியுமா என்று பாருங்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை மூவரும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே திரும்புங்கள். பழச்சாறாக இருந்தாலும் கிண்ணத்தைக் கண் பார்வையிலிருந்து விடாதீர்கள். பாரிஸ் மெற்றோ வார நாட்களில் அதிகாலை ஒன்றேகால் மணியளவில் நின்றுவிடும். வெள்ளி, சனி இரவுகளில் மேலும் ஒரு மணித்தியாலம் ஓடும். அவசரத்துக்கு எல்லா நாடுகளிலும் 112. ஐரோப்பிய ஒன்றியத்தில் வாங்கிய சிம் அட்டை சுவிஸில் அதே விலைக்கு வேலை செய்யும் என்று நினைக்க வேண்டாம். எல்லை கடக்குமுன் தரவை நிறுத்திவிடுங்கள்.

கோண்டாவில் வாசகி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அச்சுவேலி அண்ணனின் பதிலை அம்மாவுக்கு முழுமையாக வாசித்துக் காட்டினேன்; ஓட்டுநரின் ஓய்வுச் சட்டத்தைக் கேட்ட பின் அவருடைய பயம் பெரும்பாலும் தணிந்துவிட்டது. இலண்டன் பயணத்தை விட்டுவிட்டு, பாரிஸில் தொடங்கி முடியும் ஒன்றைத் தேடுகிறோம். தொடங்க முதல் இரண்டு நாள் சித்தப்பா வீட்டில் நின்று, லாச்சப்பல் பிள்ளையார் கோவிலுக்கும் போகலாம் என்று ஒப்புக்கொண்டுள்ளோம். சித்தப்பா வீட்டு இரவுகளையும் விசாவுக்கான நாட்கணக்கில் சேர்க்க வேண்டுமா?

கொக்குவில் பயணி:

ஆம், சேர்க்க வேண்டும். சுற்றுலாவின் இரவுகளுடன் அந்த இரண்டையும் கூட்டினால், பெரும்பாலும் பிரான்ஸே அதிக நாள் தங்கும் நாடாகிவிடும். சித்தப்பாவை அவருடைய நகரசபையில் தங்குமிட உறுதிப் பத்திரம் எடுத்து மூலப்பிரதியை அனுப்பச் சொல்லுங்கள். அது கைக்கு வர நாட்கள் எடுக்கும், இப்போதே கேளுங்கள்.