டெபாசிட் என்று சொல்லி விற்ற காப்பீடு: வழி தெரிந்தவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். ஓய்வு பெற்ற என் பெரியப்பா டெபாசிட்டைப் புதுப்பிக்க வங்கிக்குப் போயிருந்தார். "இதில் வட்டி கூடுதல், ஐயா" என்று சொல்லி, ஆண்டுதோறும் பிரீமியம் கட்ட வேண்டிய ஆயுள் காப்பீட்டு பாலிசியை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். இரண்டாம் தவணையைக் கேட்டுக் குறுஞ்செய்தி வந்தபோதுதான் விஷயமே தெரிந்தது. பென்ஷனை நம்பி வாழும் மனிதரிடம் இப்படிச் செய்ய எப்படித்தான் மனம் வந்ததோ!

பாலிசி பத்திரம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. அந்தக் கெடு கடந்துவிட்டது. காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்துமூலம் புகார் அளித்தோம். விண்ணப்பத்தில் அவருடைய கையெழுத்து இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். மறுப்பு வந்த ஓராண்டுக்குள், காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரியான இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் முறையிடலாம், அதற்குக் கட்டணமோ வழக்கறிஞரோ தேவையில்லை என்பது வரை தெரியும்.

சென்னை ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்தில் இத்தகைய புகாரை நடத்தியவர்கள் யாரேனும் இருக்கிறீர்களா? வாய்மொழியாகச் சொன்னதை எப்படி நிரூபித்தீர்கள்? விண்ணப்பத்தில் அவருடைய ஆண்டு வருமானத்தைப் பல மடங்கு கூட்டி எழுதியிருக்கிறார்கள். பென்ஷன் சான்றைக் காட்டி அதை மறுத்தால் எடுபடுமா? பாலிசி வழங்கும் முன் விவரங்களை உறுதிசெய்யப் பேசும் சரிபார்ப்புத் தொலைபேசி அழைப்பின் ஒலிப்பதிவை நிறுவனத்திடம் கேட்டுப் பெற முடியுமா? தவணைத் தேதி நெருங்குகிறது. கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் அனுமதியை இப்போதே ரத்து செய்துவிட்டால் புகார் பலவீனப்படுமா என்பதை மட்டுமாவது தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.