சூளைக் கண்ணாடிக்குள் காட்டின் ஆழம் எப்படி வருகிறது?

கேள்வி:
மிரியம் டி ஃபியோரே செய்த கண்ணாடிக் காடுகளின் படங்களைப் பார்த்ததிலிருந்து வேறு எதிலும் மனம் ஓடவில்லை. அர்ஜென்டினாவில் பிறந்து இத்தாலியில் வேலை செய்யும் கண்ணாடிக் கலைஞர் அவர். முன்னால் நிற்கும் மரத்தில் ஒவ்வொரு கிளையும் தெளிவாகத் தெரிகிறது, பின்னால் போகப்போக மரங்கள் பனியில் மங்குகின்றன. மேலே பூசிய வண்ணம் இல்லை, எல்லாமே கண்ணாடிக்கு உள்ளே. இப்படிச் செய்ய எல்லா அடுக்கையும் ஒரே தடவையில் சுட வேண்டுமா, தனித்தனியாகவா? எனக்கு இப்போதைக்கு 3 மி.மீ. தாள் இரண்டை உருக்கி ஒட்டத்தான் தெரியும்.

பதில் 1:
தனித்தனியாகச் சுடுங்கள். ஒவ்வொரு தாளிலும் கண்ணாடிப் பொடியைச் சலித்து, மெல்லிய கண்ணாடி இழைகளைக் கிளைகளாக வைத்து, முதலில் லேசாகச் சுட்டுப் படிய வைத்துவிட்டால் படம் எப்படி வந்திருக்கிறது என்று பார்த்துத் திருத்தலாம், பிறகுதான் அடுக்க வேண்டும். சுடாத பொடியைத் தாள்களுக்கு நடுவில் வைத்தால் அதிலிருக்கும் காற்று குமிழியாக மாட்டிக்கொள்ளும். தூரத்து மரங்கள் அடித்தாளில், நடுவில் நிறமற்ற கண்ணாடி, அதன் மேல் வெள்ளைப் பொடி மிக மெல்லியதாக. அந்த வெள்ளைதான் பனி. ஆழத்தைக் கொடுப்பது நடுவிலுள்ள வெற்றுக் கண்ணாடி, அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பதில் 2:
சரிதான், ஆனால் கண்ணாடி எல்லாம் ஒரே வகையாக இருக்கட்டும். ஜன்னல் கண்ணாடியையும், உருக்கி ஒட்டுவதற்கென்றே புல்ஸ்ஐ நிறுவனம் செய்யும் கண்ணாடியையும் கலந்தால் சூட்டில் விரிந்து சுருங்கும் அளவு வேறுபடும், ஆறும்போதோ கொஞ்ச நாள் கழித்தோ விரிசல் விடும். க்ளவுஸ் மோயே போன்ற கண்ணாடிக் கலைஞர்கள் 1979 வாக்கில் கேட்டதால்தான் அமெரிக்காவின் போர்ட்லண்டிலுள்ள புல்ஸ்ஐ ஒன்றோடொன்று சேரும் நிறங்களை உருவாக்கியது. இன்று நாம் யோசிக்காமல் இரண்டு நிறங்களைச் சேர்த்து வைக்க முடிவது அந்த உழைப்பால்தான், எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை உண்டு. இன்னொன்று, செம்பு உள்ள நீலப்பச்சையும் கந்தகம் உள்ள மஞ்சளும் தொடும் இடத்தில் கருப்புக் கோடு விழும். அதையே மரப்பட்டைக்கும் இலை விளிம்புக்கும் வேண்டுமென்றே பயன்படுத்துகிறவர்கள் உண்டு.

கேட்டவர்:
நன்றி! அடுக்கு கூடினால் ஆற வைப்பதும் மாறுமா?

பதில் 3:
நிறையவே மாறும், அவசரப்பட்டால் எல்லாம் போச்சு. முழுதாக உருகுவது சுமார் 800 டிகிரி செல்சியஸுக்குக் கொஞ்சம் மேலே. அதன்பின் புல்ஸ்ஐ கண்ணாடியை 482 டிகிரியில் நிறுத்தி வைக்க வேண்டும்: 12 மி.மீ. என்றால் 2 மணி நேரம், 25 மி.மீ. என்றால் 4 மணி நேரம். அதற்குப் பிறகு சூட்டை இறக்குவதில்தான் பெரிய வித்தியாசம், 12 மி.மீ.க்கு மணிக்கு 55 டிகிரி, 25க்கு வெறும் 15 டிகிரி. அப்புறம், உருகிய கண்ணாடி தானாக 6 மி.மீ. தடிமனுக்கு வந்து நிற்கப் பார்க்கும், அதனால் அதற்கு மேல் அடுக்கினால் பக்கவாட்டில் வழியும், உங்கள் மரங்களையும் இழுத்துக்கொண்டு போகும். நாலு பக்கமும் செங்கல் துண்டால் அணை கட்டி, கண்ணாடியைத் தொடும் உட்பக்கத்தில் சூடு தாங்கும் ஃபைபர் தாள் வைத்துவிடுங்கள்.