புதுப்பிப்பு: ஏர்சாஃப்டா, பெயின்ட்பாலா? கடைசியில் எதை எடுத்தோம்

எங்கள் நண்பர் குழுவுக்கு ஏர்சாஃப்ட் பொருந்துமா, பெயின்ட்பால் பொருந்துமா என்று இங்கே கேட்டிருந்தேன். இரண்டுமே விளையாட்டுத் துப்பாக்கியால் ஒருவரையொருவர் சுட்டு ஆடும் ஆட்டங்கள்; குண்டு பட்டவர் வெளியேற வேண்டும். பொறுமையாகப் பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முடிவு: ஏர்சாஃப்ட். "இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். இரண்டையும் வாடகைச் சாமான்களோடு ஆடிப் பாருங்கள், அடி பட்டதை யார் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் கைகொடுத்தது.

முதலில் பெயின்ட்பால். சுடுவது சாயம் நிரப்பிய 17 மி.மீ. உருண்டை, ஏறக்குறைய 3 கிராம். மேலே பட்டு உடைந்தால் சாயமே சாட்சி, வாக்குவாதத்துக்கு இடமில்லை. ஆனால் நன்றாக வலிக்கிறது. என் தொடையில் வட்டமாகக் கன்றிப்போனது.

அப்புறம் ஏர்சாஃப்ட். 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டு, 0.2 முதல் 0.3 கிராம்தான். அடையாளம் விடாது என்பதால் பட்டவரே கையை உயர்த்திக்கொண்டு வெளியேற வேண்டும். இதில் சண்டை வரும் என்று பயந்தேன். நடந்தது நேர்மாறு: எங்கள் ஆட்கள் போட்டி போட்டுக்கொண்டு ஒப்புக்கொண்டார்கள். அந்த நேர்மைதான் எங்களை இழுத்தது. மெதுவாகப் பதுங்கிப் போகும் ஆட்டமும் எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

எதிர்பாராதது, முகமூடிக் கண்ணாடியில் படிந்த மூச்சாவி. எதிரே எதுவும் தெரியாமல் போனாலும் களத்துக்குள் முகமூடியைக் கழற்றவே கூடாது. இரட்டை அடுக்கு லென்ஸ் மாற்றியதும் சரியாகிவிட்டது. பெயின்ட்பால் முகமூடியை ஏர்சாஃப்டுக்குப் போடலாம். ஆனால் ஏர்சாஃப்டின் கம்பிவலைக் கண்ணாடியைப் பெயின்ட்பாலுக்குத் தயவுசெய்து போடாதீர்கள். சாயமும் உடைந்த ஓட்டுத் துண்டும் வலை வழியாகக் கண்ணுக்குள் போய்விடும்.