தமிழ்ப் புத்தகப் பட்டியலை எதில் வைப்பது: விரிதாளா, பைத்தானா?

ஞாயிறு நூலகன் (ஞாயிறு, இரவு 9.42)

வணக்கம். மும்பையில், சயான் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில், ஒரு மாவு மில்லின் மாடியில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து தமிழ் வாசகசாலை ஒன்று நடத்துகிறோம். ஞாயிறு மட்டும் திறப்போம். 2,340 புத்தகங்கள். அவற்றின் பட்டியலை ஒரு சி.எஸ்.வி. கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) வைத்திருந்த நண்பர் வேலை மாறிப் புனேவுக்குப் போய்விட்டார். பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிய ஒரு நிரலையும் விட்டுப்போனார். அது என் கணினியில் ஓட மறுக்கிறது. சரி, எக்செல் விரிதாளிலாவது பார்ப்போம் என்று கோப்பை இரட்டைக் கிளிக் செய்தேன். ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. தலையில் சாய்கோடு விழுந்த சின்ன ஆங்கில ‘ஏ’, பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’, பிறகு ஏதாவது ஒரு குறி. பக்கம் பக்கமாக இதேதான்.

சேமிக்கும் இடத்தில் ‘சி.எஸ்.வி. யூ.டி.எஃப்.-8’ என்று ஒரு வகை இருந்தது. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோட் ஆயிற்றே, தமிழ் திரும்பிவிடும் என்று நம்பிப் பழைய கோப்பின் மேலேயே சேமித்துவிட்டேன். திரும்பவில்லை. போதாக்குறைக்கு, மூன்றாம் அலமாரி, பன்னிரண்டாம் கட்டம் என்பதைக் குறிக்கும் ‘3-12’ டிசம்பர் 3 ஆகிவிட்டது. புத்தகங்களின் அடையாள எண்களான ஐ.எஸ்.பி.என். எண்களெல்லாம் 9.78819 என்று தொடங்கி ஓர் ஆங்கில ‘ஈ’யிலும் 12இலும் முடிகின்றன.

இதை மீட்க முடியுமா? இனிமேல் பட்டியலை எதில் வைப்பது?

அந்தேரி நிரலன் (ஞாயிறு, இரவு 10.05)

அண்ணா, பயப்படாதீர்கள், தமிழ் உள்ளேதான் இருக்கிறது. எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதிவைக்கும் குறியாக்கங்களில் ஒன்றான யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் ஒன்றே. அதுதான் உங்கள் சாய்கோட்டு ‘ஏ’. விரிதாள் அதை விண்டோஸ்-1252 என்ற பழைய மேற்கத்தியக் குறியாக்கமாக நினைத்துப் படித்தது. அந்தக் கோலத்தையே நீங்கள் மறுபடியும் யூ.டி.எஃப்.-8 ஆக்கிச் சேமித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். பைத்தானில் ஒரே வரி: எழுத்துத் தொடரை விண்டோஸ்-1252ஆகக் குறியாக்கி, யூ.டி.எஃப்.-8ஆகப் படிக்க வேண்டும். இரண்டாவது கேள்விக்கும் அதுவே பதில். பைத்தான் கற்றுக்கொள்ளுங்கள். விரிதாளை நூலகத்துக்குள் விடவே விடாதீர்கள்.

செம்பூர் செல்வி (ஞாயிறு, இரவு 10.31)

தம்பி நிரலா, வீடு பற்றி எரிகிறது என்று ஒருவர் வந்து நிற்கிறார், நீ அவருக்குக் கிணறு வெட்டக் கற்றுக்கொடுக்கிறாய். போன நண்பர் விட்டுப்போனதும் பைத்தான் நிரல்தானே? அது ஏன் ஓடவில்லை என்று கேட்டாயா? நூலகரே, பிழைச் செய்தி எந்த வரியைக் காட்டுகிறது?

ஞாயிறு நூலகன் (ஞாயிறு, இரவு 10.38)

‘பிரிண்ட்’ என்று தொடங்கும் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறது, அக்கா. அடைப்புக்குறி இல்லை என்கிறது.

செம்பூர் செல்வி (ஞாயிறு, இரவு 10.44)

நினைத்தேன். பைத்தான் 2இல் எழுதியது, பைத்தான் 3 அடைப்புக்குறி கேட்கிறது. 2008 டிசம்பரில் பைத்தான் 3 வந்தது. 2020 ஜனவரி 1 முதல் இரண்டாம் பதிப்புக்கு ஆதரவே கிடையாது. இருபத்தெட்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். நான் 1999இல் போட்ட விரிதாள் இன்றும் திறக்கிறது.

அந்தேரி நிரலன் (ஞாயிறு, இரவு 11.10)

திறக்கும் அக்கா, எதைக் காட்டும் என்பதுதான் கேள்வி. 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 15,841 கொரோனா நோயாளிகளின் பதிவுகளைத் தவறவிட்டது. காரணம், பழைய எக்செல் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. அதே வருடம் மரபணுப் பெயரிடும் குழு, ‘மார்ச்1’ என்ற மரபணுவை ‘மார்ச்எஃப்1’ என்று மாற்றியது. எக்செல் அதை மார்ச் முதல் தேதி என்று எழுதிக்கொண்டே இருந்ததால், மரபணுவே பெயரை மாற்றிக்கொண்டது! நம் நூலகரின் அலமாரிக்கு வந்ததும் அதே நோய்தான்.

தட்டச்சுத் தாத்தா (திங்கள், காலை 5.50)

இருவருக்கும் வணக்கம். சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். நிரலன் தம்பி சொன்ன ஒற்றை வரி ஓடாது. ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

ஞாயிறு நூலகன் (திங்கள், காலை 7.15)

தாத்தா சொன்னது சரி. மாதுங்காவில் இருக்கும் என் அண்ணன் மகனை ராத்திரியே அழைத்து ஓட்டச் சொன்னேன். முதல் புத்தகத்திலேயே பிழை. குறியாக்க முடியவில்லையாம்.

தட்டச்சுத் தாத்தா (திங்கள், காலை 8.20)

விஷயம் இதுதான். விண்டோஸ்-1252 அட்டவணையில் ஐந்து இடங்கள் காலி. அவற்றில் நான்கின் மேல் தமிழ் போய் உட்கார்கிறது: ஏ, ஐ, உகரக் குறி, புள்ளி. புள்ளியின் மூன்று பைட்டில் கடைசி பைட் அந்தக் காலி இடத்தில் விழும். விண்டோஸ் அதைப் பெருந்தன்மையாக அப்படியே விட்டுவைக்கும். பைத்தானின் குறியாக்கி இலக்கணக்காரர், ‘இந்த இடத்தில் எழுத்தே இல்லையே’ என்று நின்றுவிடும். புள்ளியும் உகரமும் இல்லாத தமிழ் வரி ஒன்று காட்டுங்கள் பார்ப்போம். பிரெஞ்சுக்காரருக்கும் ஜெர்மானியருக்கும் வேலை செய்யும் வைத்தியம் நமக்கு மட்டும் ஏன் பலிப்பதில்லை என்றால், இதனால்தான்.

‘எஃப்.டி.எஃப்.ஒய்.’ என்று பைத்தானுக்கு ஒரு நூலகம் (புத்தகமல்ல, ஆயத்த நிரல்களின் தொகுப்பு) இருக்கிறது. அதில் ‘ஸ்லாப்பி விண்டோஸ்-1252’ என்ற குறியாக்கம் உண்டு. கொஞ்சம் அலட்சியமானது, காலி இடத்தையும் விண்டோஸ் போலவே கடந்துபோகும். அதைக் கொண்டு செய்யச் சொல்லுங்கள்.

அந்தேரி நிரலன் (திங்கள், காலை 9.02)

தாத்தா, தலைவணங்குகிறேன். பிரெஞ்சுப் பெயர்களில் மட்டும்தான் அதைச் சோதித்திருந்தேன். ஆனால் மருந்து பைத்தான் கடையில்தான் கிடைத்தது என்பதைச் செல்வி அக்கா கவனிக்கவும்.

செம்பூர் செல்வி (திங்கள், மதியம் 1.20)

கவனித்தேன். ஆஸ்பத்திரியில் மருந்து கிடைக்கிறது என்பதற்காக அங்கேயே குடியிருக்க முடியுமா?

நூலகரே, இரட்டைக் கிளிக்தான் வினை. கோப்பின் தொடக்கத்தில் மூன்று பைட் அளவில் ஓர் அடையாளக் குறி இருந்திருந்தால், எக்செல் அது யூ.டி.எஃப்.-8 என்று புரிந்துகொண்டிருக்கும். உங்கள் நண்பரின் நிரல் அதை வைக்கவில்லை. இனி எங்கிருந்து சி.எஸ்.வி. வந்தாலும் முதலில் வெற்று விரிதாளைத் திறங்கள். ‘டேட்டா’ தாவலில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சி.எஸ்.வி.’ வழியாகக் கோப்பைக் கொண்டுவாருங்கள். ‘ஃபைல் ஆரிஜின்’ என்ற இடத்தில் 65001ஐ, அதாவது யூ.டி.எஃப்.-8ஐத் தேர்ந்தெடுங்கள். பத்தி (நெடுவரிசை) வகைகளைத் தானாகக் கண்டுபிடிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அலமாரியும் ஐ.எஸ்.பி.என்.னும் எழுத்தாகவே வந்து நிற்கும். காசு கொடுக்க மனமில்லையென்றால் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். கோப்பைத் திறக்கும்போதே எந்தக் குறியாக்கம், எந்தப் பத்தி எழுத்து என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடும்.

நிரலன் தம்பிக்கு: 65,536 என்பது பழைய கோப்பு வகையின் எல்லை. புதியதில் 10,48,576 வரிகள். தேதியாக மாற்றாதே என்று கட்டளையிடும் வசதியும் எக்செலில் 2023இல் வந்துவிட்டது. 2,340 புத்தகம் வைத்திருப்பவரை இங்கிலாந்தைக் காட்டி ஏன் மிரட்டுகிறாய்?

அந்தேரி நிரலன் (திங்கள், மாலை 6.47)

ரயிலில் இருக்கிறேன், சுருக்கமாக. நீங்கள் சொன்னதில் ஐந்து படிகள். நான்கு பேர், வாரத்துக்கு ஒருவர். ஒருவர் ஒருமுறை மறந்து இரட்டைக் கிளிக் செய்து, சேமித்தாலும் போதும், கதை முதலிலிருந்து. நிரல் மறக்காது.

ஐ.எஸ்.பி.என். விஷயத்தையே பாருங்கள். 13 இலக்கம் எக்செலின் 15 இலக்க எல்லைக்குள் அடங்கும். திரையில்தான் சுருங்கியது, உள்ளே முழுதாக இருந்தது. சி.எஸ்.வி.யாகச் சேமித்தபோதுதான், திரையில் தெரிந்ததையே எழுதி மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிட்டது. அது இனித் திரும்பாது, நூலகர் அண்ணா. புத்தகத்தின் பின்னட்டையைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். அலமாரி எண் தப்பித்தது: தேதிதான் அலமாரி, மாதம்தான் கட்டம். ஓர் அலமாரிக்குப் பன்னிரண்டே கட்டங்கள் வைத்த தச்சர் வாழ்க.

செம்பூர் செல்வி (திங்கள், இரவு 8.15)

நிரல் மறக்காது, ஒப்புக்கொள்கிறேன். நிரலை எழுதியவர் புனேவுக்குப் போய்விடுவார். நீயும் நாளைக்குப் பெங்களூருக்குப் போவாய். அப்போது அந்த நான்கு பேரும் யாரிடம் போய் நிற்பார்கள்?

அந்தேரி நிரலன் (திங்கள், இரவு 8.21)

பெங்களூருக்குப் போவதாக வீட்டில் இன்னும் சொல்லவில்லை, அக்கா. சத்தம் போடாதீர்கள்.

ஞாயிறு நூலகன் (ஞாயிறு, இரவு 8.55)

ஒரு வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன். தாத்தா சொன்னபடி அண்ணன் மகன் ஓட்டினான். தமிழ் முழுவதும் வந்துவிட்டது. திரையில் புள்ளியோடு எழுத்துகளைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிற்று என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

ஐ.எஸ்.பி.என். அச்சிட்ட புத்தகங்கள் எங்களிடம் 870தான், மற்றவையெல்லாம் பழையவை. இரண்டு பேர் பின்னட்டையைப் படிக்க, இரண்டு பேர் அடித்தோம். நிரலன் தம்பி தனியாக எழுதியிருந்த சோதனையையும் வைத்துப் பார்த்தோம்: இலக்கங்களை மாறி மாறி ஒன்றாலும் மூன்றாலும் பெருக்கிக் கூட்டினால் பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். 23 எண்கள் தோற்றன. 22 எங்கள் விரலின் குற்றம். மிச்சம் ஒன்றில் புத்தகத்திலேயே தவறாக அச்சாகியிருக்கிறது!

பட்டியல் இப்போதைக்கு லிப்ரே ஆபீஸில் இருக்கிறது. அந்தச் சோதனையைச் செல்வி அக்கா ஒரு சூத்திரமாக எழுதிக்கொடுத்தார். தவறான எண் அடித்தால் கட்டம் சிவக்கிறது. மாதக் கடைசியில் அண்ணன் மகன் பைத்தானில் ஒரு நகல் எடுத்து வைக்கிறான்.

அந்தேரி நிரலன் (ஞாயிறு, இரவு 9.10)

ஆக, என் சூத்திரத்தை அக்கா எடுத்துக்கொண்டார்.

செம்பூர் செல்வி (ஞாயிறு, இரவு 9.12)

அது ஐ.எஸ்.பி.என். காரர்களின் சூத்திரம், தம்பி.

ஞாயிறு நூலகன் (ஞாயிறு, இரவு 9.30)

இன்னொரு வம்பு. அண்ணன் மகன் ஆசிரியர் பெயர்ப் பட்டியலை அகரவரிசைப்படுத்தி அச்சிட்டுக் கொடுத்தான். வாசகர் ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கையில் வாங்கியதும் முகம் சுளித்தார். அனந்தன் முதலில், அமுதா அடுத்து, அம்பிகா அதற்குப் பின்னால். ‘அம்பிகாதானே முதலில்?’ என்கிறார்.

தட்டச்சுத் தாத்தா (திங்கள், காலை 5.40)

ஆசிரியர் சொல்வதே சரி. பைத்தான் யூனிகோட் எண்ணைப் பார்த்து அடுக்குகிறது. அந்த அட்டவணையில் னகரம் நகரத்தை ஒட்டியே இருக்கிறது. நம் நெடுங்கணக்கில் அது கடைசி மெய். அதனால்தான் அனந்தன் முந்திக்கொண்டார். ம் என்பது முவுக்கு முன் வர வேண்டும். யூனிகோட்டில் புள்ளியின் எண் உகரத்தின் எண்ணைவிடப் பெரியது, ஆகவே அமுதா முந்திக்கொண்டார். ளகரமும் ழகரமும்கூட வகரத்துக்கு முன்னால்தான் நிற்கின்றன. ‘ஓப்பன்-தமிழ்’ என்ற பைத்தான் நூலகத்தில் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்து ஒப்பிடும் வழி இருக்கிறது. சும்மா எண்ணச் சொன்னால் ‘தமிழ்’ என்பதில் ஐந்து எழுத்து என்று சொல்லும் பைத்தான், அதன் துணையோடு மூன்று என்று சொல்லும்.

ஞாயிறு நூலகன் (திங்கள், இரவு 10.15)

செய்தாயிற்று. அம்பிகா, அமுதா, அனந்தன். ஆசிரியருக்குத் திருப்தி. ஆனால் தலைப்புப் பட்டியலில் ‘ஸ்ரீ’ என்று தொடங்கும் 14 புத்தகங்களில் ஒன்பது ஓரிடத்திலும் ஐந்து வேறிடத்திலும் நிற்கின்றன. உற்றுப் பார்த்தால்கூட வேறுபாடு தெரியவில்லை.

தட்டச்சுத் தாத்தா (செவ்வாய், காலை 5.35)

தெரியாது. ஒன்று ஸகரத்தில் தொடங்குகிறது. மற்றது 2005இல் யூனிகோட்டில் சேர்ந்த ஶகரத்தில். திரையில் இரண்டும் ஒரே வடிவம். உங்கள் நான்கு பேரில் இருவர் ஒரு விசைப்பலகையும் மற்றவர்கள் வேறொன்றும் பயன்படுத்துகிறார்கள் என்று நினைக்கிறேன். ஏதாவது ஒன்றாக மாற்றிவிடுங்கள். பைத்தானிலும் முடியும், விரிதாளில் ‘தேடி மாற்று’ கொண்டும் முடியும்.

அந்தேரி நிரலன் (செவ்வாய், காலை 8.50)

பைத்தானில் ஒரே வரி. இந்தமுறை ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

செம்பூர் செல்வி (செவ்வாய், காலை 9.05)

மாற்றி எங்கே வைப்பீர்கள்? சகர வரிசையிலா, வடவெழுத்துகளோடு கடைசியிலா? என் மாமியார் வந்தால் ‘திரு’வில்தான் தேடுவார்.