புதுப்பிப்பு: பெர்ஃப் கவுண்டர் சிக்கல் தீர்ந்தது

முன்பு நான் கேட்டது இதுதான்: மொரிஷியஸின் எபேனில் எங்கள் ஆபீஸ் சர்வரில் ஓடும் கணக்கு புரோகிராமில் த்ரெட்டுகளை, அதாவது இணையாக ஓடும் வேலைப் பிரிவுகளை, கூட்டக் கூட்ட வேகம் குறைகிறது, லினக்ஸில் வேகத்தை அளக்கும் கருவியான பெர்ஃபில் பெர்ஃப் ஸ்டாட் போட்டுப் பார்த்தால் சைக்கிள் (பிராசசரின் கடிகாரத் துடிப்பு), கேஷ் மிஸ் (தேடிய தரவு பிராசசரின் வேக நினைவகத்தில் இல்லாமல் போவது) எல்லாவற்றுக்கும் ஆதரவில்லை என்றே வருகிறது.

காரணம், அந்த சர்வர் ஒரு விர்ச்சுவல் மெஷின், அதாவது மென்பொருளால் உருவாக்கிய கணினி. இந்த நிகழ்வுகளை எண்ணும் பிராசசரின் கவுண்டர்களை, விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் ஹைப்பர்வைசர் உள்ளே காட்டாவிட்டால் பெர்ஃப் என்ன செய்யும், பாவம். ரோஸ் ஹில்லில் இருக்கும் அண்ணன் ஒருவர் தன் பழைய இன்டெல் டெஸ்க்டாப்பைக் கொடுத்தார், அதில் லினக்ஸை நேரடியாகப் போட்டு ஓட்டியதும் எண்கள் வந்துவிட்டன. ஒரு சைக்கிளுக்கு அரைக் கட்டளைகூடத் தேறவில்லை! அப்புறம், கோர்கள் ஒரே கேஷ் லைனுக்கு மோதிக்கொள்வதைக் காட்டும் பெர்ஃப் சி2சி ஓட்டினால், ஒவ்வொரு த்ரெட்டும் தனக்கென்று வைத்திருந்த கூட்டுத்தொகைகள் எல்லாம் ஒரே 64 பைட் கேஷ் லைனில் (கேஷ் தரவை மொத்தமாகக் கையாளும் ஒரு துண்டில்) நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன, ஒரு கோர் எழுதும்போதெல்லாம் மற்ற கோர்களில் உள்ள பிரதி செல்லாமல் போகிறது. தனித்தனி லைனுக்குத் தள்ளி வைத்தேன். இப்போது த்ரெட் கூடினால் வேகமும் கூடுகிறது.

இன்னொன்று, ஒரே ஓட்டத்தில் ஏகப்பட்ட நிகழ்வுகளைக் கேட்காதீர்கள். ஹைப்பர்த்ரெடிங் (ஒரு கோரை இரண்டு வன்பொருள் த்ரெட்டாகக் காட்டும் வசதி) இருக்கும் பழைய இன்டெல்லில் ஒரு வன்பொருள் த்ரெட்டுக்குப் பொதுக் கவுண்டர் 4தான், அதற்கு மேல் கேட்டால் பெர்ஃப் மாற்றி மாற்றி அளந்து உத்தேசமாகப் பெருக்கித்தான் சொல்லும். வலது ஓரத்தில் சதவீதம் தெரிந்தால் அதுதான் விஷயம்.