4×5 கேமராவில் எக்ஸ்ரே ஃபிலிம்: நெகட்டிவ் முழுக்க மூட்டம், கீறல், வானம் மட்டும் கன்னங்கரேல்

கல்மண்டபம் (கேள்வி)

வணக்கம். 8×10 அங்குல எக்ஸ்ரே ஃபிலிமை நான்காக வெட்டி 4×5 ஹோல்டரில் (ஃபிலிம் தாளைக் கேமராவில் மாட்டும் சட்டம்) போட்டு எடுக்கிறேன். பச்சை ஒளியை உணரும் வகை, இரண்டு பக்கமும் எமல்ஷன் (ஒளியை உணரும் ஜெலட்டின் பூச்சு) உள்ளது. விவரங்கள் கீழே:

எடுத்தது: கருங்கல் மண்டபம், காலை வெயில், தூண்களுக்கு நடுவே வானம். மீட்டரில் ஐஎஸ்ஓ 200, எஃப்/22.
டெவலப்பர்: எக்ஸ்ரே கூடங்களில் கரைக்கும் பவுடர், பாக்கெட்டில் உள்ள அளவிலேயே. 31 டிகிரி, 3 நிமிடம்.
ட்ரே: சாதாரண பிளாஸ்டிக், அடியில் வரிவரியாக மேடு உண்டு. நான்கு தாளும் ஒன்றாக, மாற்றி மாற்றி அடுக்கினேன்.
விளக்கு: பேப்பர் பிரின்ட் போட இருட்டறையில் எரிக்கும் ஆம்பர் (மஞ்சள்-ஆரஞ்சு).

நெகட்டிவ் முழுக்க சாம்பல் மூட்டம். நிழலில் விவரமே இல்லை. வானமோ ஒளி ஊடுருவாத கறுப்பு. ஒரு பக்கம் மட்டும் முடி போலக் கீறல்கள். தூண் ஓரங்களில் ஒரு பிசிறு ஒளி. எதை முதலில் மாற்றுவது?

வெள்ளிஉப்பு

விளக்கை. மற்றதெல்லாம் அப்புறம்.

பேப்பருக்குப் பாதுகாப்பான ஆம்பர் இந்த ஃபிலிமுக்குப் பாதுகாப்பு இல்லை. எக்ஸ்ரே கேசட்டுக்குள் இருக்கும் கடோலினியம் திரை 545 நானோமீட்டர் அளவில் பச்சையாக ஒளிரும்; அதைப் பிடிக்கவே இந்த ஃபிலிமுக்கு உணர்வு ஏற்றியிருக்கிறார்கள். ஆம்பர் விளக்கு அந்த எல்லையை உரசிக்கொண்டு நிற்கிறது. கருஞ்சிவப்பு வேண்டும்: எக்ஸ்ரே இருட்டறைக்கான ஜிபிஎக்ஸ்-2 சிவப்பு ஃபில்டருடன் 15 வாட் பல்பு, குறைந்தது 4 அடி தள்ளி. 630 நானோமீட்டருக்கு மேல் உள்ள சிவப்பு எல்இடியும் போதும். சிவப்புச் சாயம் பூசிய அலங்கார பல்பு வேண்டாம். வாங்கிய விளக்கின் ஒளியைப் பழைய சிடி தட்டில் பிரதிபலித்துப் பாருங்கள். சிவப்பு தவிர மஞ்சளோ பச்சையோ பட்டையாகத் தெரிந்தால் அந்த விளக்கு கசிகிறது.

ஆனாலும் விளக்குதான் காரணம் என்று ஊகத்தில் விடாதீர்கள். எக்ஸ்போஸ் செய்யாத ஒரு தாளை முழு இருட்டில் மூன்று துண்டாக்குங்கள். முதல் துண்டு நேரே ஃபிக்ஸரில் (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்). இரண்டாவது முழு இருட்டிலேயே டெவலப்பர், பிறகு ஃபிக்ஸர். மூன்றாவதை விளக்கடியில் 5 நிமிடம் வைத்துவிட்டு அதே டெவலப்பரில். மூன்றாவது மட்டும் கறுத்தால் விளக்கு. இரண்டாவதும் கறுத்தால் ஃபிலிம் பழசு அல்லது டெவலப்பர் சூடு. பழசு என்றால் 1 சதவீத பென்சோட்ரையசோல் கரைசலை லிட்டருக்கு 5 முதல் 10 மி.லி. சேர்த்தால் மூட்டம் கொஞ்சம் அடங்கும், வேகமும் சற்றுக் குறையும்.

நீலத்தாள்

வானம் அடைத்துப்போனதற்கு ஐஎஸ்ஓவும் டெவலப்பரும் கூட்டுக் காரணம். எலும்புக்கும் சதைக்கும் உள்ள சின்ன வித்தியாசத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதுதான் இந்த ஃபிலிமின் வேலை. அதன் காமா, அதாவது கான்ட்ராஸ்ட் அளவு, 2.5க்கு மேல் போகும், நமக்கு 0.6 பக்கம் போதும். இரண்டு எமல்ஷனின் கறுப்பும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடுகிறது வேறு. அதை அதற்கென்றே செய்த காரமான டெவலப்பரில், 31 டிகிரியில் கழுவினால் வேறென்ன கிடைக்கும்?

வெயிலில் ஐஎஸ்ஓ 80 வைத்து, நிழலை மீட்டர் செய்யுங்கள். காலை, மாலை மஞ்சள் வெயிலில் 50. இந்த ஃபிலிமுக்குச் சிவப்பு கண் தெரியாது, அதனால் டங்ஸ்டன் விளக்கில் 25க்கும் கீழே இறங்க வேண்டிவரும். சிவப்பு ஃபில்டர் போட்டால் ஒன்றுமே பதியாது.

கழுவ ரோடினால் என்ற திரவ டெவலப்பர் 1:100, அதாவது 5 மி.லி. + 500 மி.லி. தண்ணீர். 20 டிகிரி, 6 நிமிடத்தில் தொடங்குங்கள். 5 நிமிடத்துக்குக் கீழே கொண்டுவந்தால் வானத்தில் திட்டுத்திட்டாக வரும்.

கல்மண்டபம்

நன்றி சார். ரோடினால் இங்கே கிடைக்கவில்லை. கையிலிருக்கும் பவுடரையே நீர்த்துப் பயன்படுத்தலாமா?

நீலத்தாள்

நீர்த்தால் ஓடும், ஆனால் கட்டுப்பாடு கைக்கு வராது. டி-23 என்ற டெவலப்பரைக் கலந்துகொள்ளுங்கள், இரண்டே பொருள். 50 டிகிரி சூட்டில் 750 மி.லி. தண்ணீர். ஒரு சிட்டிகை சோடியம் சல்ஃபைட், பிறகு மெட்டால் 7.5 கிராம். அது முழுதாகக் கரைந்த பின்பே மீதி சல்ஃபைட். சல்ஃபைட் மொத்தம் 100 கிராம், நீரற்ற வகை. முதலிலேயே எல்லா சல்ஃபைட்டையும் கொட்டினால் மெட்டால் கரைய அடம்பிடிக்கும். கடைசியில் 1 லிட்டராக்குங்கள். இதில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர், 20 டிகிரி, 8 நிமிடம் தொடக்கம். ஒரு தாளுக்கு 500 மி.லி., பிறகு கொட்டிவிடுங்கள். இரண்டு பக்கமும் டெவலப்பரைத் தின்னும்.

ட்ரேக்காரர்

கீறல் ஒரு பக்கம் மட்டும் என்றால் அது ட்ரேயின் அடிப்பக்கம் பட்ட பக்கம்தான். அந்த மேடுகள் ஈர ஜெலட்டினை உழுதுவிடும். ட்ரேக்குள் அளவாக வெட்டி, ஓரம் தேய்த்த ஒரு கண்ணாடித் தகட்டைப் போடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு தாள்தான். தாளைத் தூக்காமல் ட்ரேயின் மூலையைச் சாய்த்துச் சாய்த்து ஆட்டுங்கள். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் தாளும் டெவலப்பரும் விட்டுப் புரட்டும் முறையும் உண்டு, கீறலே வராது. முழு 8×10 தாளாகக் கழுவுவதானால் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் இருந்த ஸ்டீல் ஹேங்கரும் ஆழமான தொட்டியும்தான் ராஜா.

இதில் பாதிப் பழி 31 டிகிரிக்கும் உண்டு; சூட்டில் எமல்ஷன் ஊறி மெத்தென்று ஆகிவிடும். ட்ரேயைப் பெரிய தண்ணீர்த் தொட்டியில் வைத்து, உறைந்த தண்ணீர் பாட்டிலைத் தொட்டியில் போடுங்கள். டெவலப்பருக்குள் ஐஸ் வேண்டாம். ஃபிக்ஸரும் கழுவும் தண்ணீரும் இரண்டு மூன்று டிகிரிக்குள் ஒத்திருக்கட்டும். படிகாரம் சேர்ந்த ஃபிக்ஸர் எமல்ஷனை இறுக்கும். பால்நிறம் தெளிய எவ்வளவு நேரம் ஆகிறதோ அதைப்போல் இரு மடங்கு ஃபிக்ஸரில் வையுங்கள்.

வெட்டும் அளவு: சரியாக 4×5 வெட்டினால் ஹோல்டரில் மாட்டாது. 100 × 125 மி.மீ. வையுங்கள்.

புதுவரவு

இடையில் ஒன்று: ஸ்கேன் சென்டரில் தரும் ஃபிலிம் இதற்கு ஆகுமா?

வெள்ளிஉப்பு

ஆகாது. இப்போது பெரும்பாலும் அவர்களிடம் இருப்பது பிரின்டரில் போகும் உலர் ஃபிலிம். டெவலப்பரில் கழுவ முடியாது. கடையில் கேட்கும்போது டெவலப்பர், ஃபிக்ஸர் போட்டுக் கழுவும் 'கிரீன் சென்சிடிவ்' ஃபிலிம் என்று கேளுங்கள்.

கல்மண்டபம்

மூன்று துண்டுச் சோதனையில் மூன்றாவது மட்டும்தான் கறுத்தது. சிவப்பு எல்இடிக்கு மாறியதும் மூட்டம் போனது. டி-23, ஐஎஸ்ஓ 80, கண்ணாடித் தகடு: வானத்தில் மேகம் தெரிகிறது, கீறல் இல்லை. தூண் ஓரத்துப் பிசிறு மட்டும் அப்படியே. பின் எமல்ஷனை ப்ளீச்சில் கரைத்து எடுக்கலாமா?

நீலத்தாள்

எடுக்கலாம். பிசிறு முழுதும் போகாது, இதில் ஒளிவட்டத் தடுப்புப் பூச்சு (ஃபிலிமுக்குள் பட்டுத் திரும்பும் ஒளியை உறிஞ்சுவது) கிடையாதே. ஆனால் பேஸைத் (நடுவிலுள்ள பிளாஸ்டிக் தாளை) தாண்டிப் பின்பக்கம் மங்கலாக விழுந்த இரண்டாவது படம் போய்விடும். 8×10 நெகட்டிவைப் பேப்பரோடு ஒட்டி வைத்து அதே அளவில் கான்டாக்ட் பிரின்ட் போடுவதானால் அந்த வேலையே தேவையில்லை. 4×5ஐப் பெரிதாக்கும்போது வித்தியாசம் தெரியும்.

ஹோல்டரில் போடும்போதே லென்ஸ் பக்கத்திலிருந்து பார்க்க வலது மேல் மூலையைச் சிறிது வெட்டி அடையாளம் வையுங்கள், இல்லாவிட்டால் எந்தப் பக்கம் முன்பக்கம் என்று தெரியாது. ஃபிக்ஸர் துளியும் இல்லாமல் கழுவிக் காயவைத்த நெகட்டிவை, முன்பக்கம் கண்ணாடியைத் தொடும்படி வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டுங்கள். வீட்டு ப்ளீச்சைப் பிரஷ்ஷால் தடவுங்கள். சற்று நேரத்தில் ஜெலட்டின் வழவழவென்று கழன்றுவிடும். ஓடும் தண்ணீரில் அலசிய பிறகே டேப்பை எடுங்கள். கையுறை, திறந்த ஜன்னல் கட்டாயம். அமில ஃபிக்ஸரோடு ப்ளீச் கலந்தால் குளோரின் வாயு வரும்.

ட்ரேக்காரர்

ஒரு எச்சரிக்கை: பின்பக்கத்தை எடுத்தால் கறுப்பு பாதியாகும், காமாவும் கூடவே இறங்கும். இப்போது சரியாக வந்திருக்கும் நெகட்டிவில் செய்தால் சோகையாகிவிடும். பின்பக்கத்தை எடுக்கப்போகும் தாளை டி-23இல் 8க்குப் பதில் 11, 12 நிமிடம் கழுவிப் பாருங்கள். என்னைக் கேட்டால், இந்தப் பாட்டுக்குப் பதில் ஒரு பக்கம் மட்டும் எமல்ஷன் உள்ள மாமோகிராஃபி ஃபிலிம் தேடுவேன். விலை கூடுதல்தான். பளபளப்பில்லாத பக்கம் லென்ஸைப் பார்க்க வேண்டும்.